திரௌபதி முர்மு ஜெயிச்சாச்சு: சித்தேரிக்கும் அஞ்செட்டிக்கும் இதனால என்ன ஆகும்?

அரூர் ஆத்தோரம்
21 ஜூலை 2022, இரவு 10.40

குடியரசுத் தலைவர் தேர்தல் முடிவு அறிவிச்சாச்சு. திரௌபதி முர்மு 6,76,803, யஷ்வந்த் சின்கா 3,80,177. இது ஆள் கணக்கு இல்ல, வாக்கு மதிப்பு. ஆளா எண்ணினா 2,824-க்கு 1,877. செல்லாத ஓட்டு 53.

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ரெண்டு பேச்சு ஓடுது. மலைவாசி வீட்டுப் பொண்ணு அந்த நாற்காலியில உட்காரப் போறாங்க, இதைப் பார்க்கிறதுக்கே கொடுத்து வச்சிருக்கணும்னு ஒரு பக்கம். அவங்க அங்க உட்கார்ந்தா இங்க மலைக்கு ரோடு வருமா, கொல்லைக்குப் பட்டா வருமான்னு இன்னொரு பக்கம். ரெண்டுலயும் நியாயம் இருக்கு. கட்சிச் சண்டை போடாம, விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க.

கணக்கு வாத்தியார்
21 ஜூலை 2022, இரவு 11.25

முதலில் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்து ஓட்டு எந்தப் பக்கம் நின்றது என்று பார்த்துவிடுவோம். பலருக்கு இந்தக் கணக்கே தெரியவில்லை.

தமிழ்நாட்டின் 1971 மக்கள்தொகை 4,11,99,168. அதை 234 தொகுதியால் வகுத்து, வருவதை மறுபடி 1,000-ஆல் வகுத்தால் 176. நம் எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு அதுதான். உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7. எம்.பி.க்கு இந்த முறை 700. போன முறை 708 இருந்தது. ஜம்மு காஷ்மீரில் சட்டமன்றம் இல்லாததால் குறைந்துவிட்டது.

தர்மபுரி மாவட்டத்தில் ஐந்து தொகுதி. பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் அ.தி.மு.க.; பென்னாகரம், தர்மபுரி பா.ம.க. ஐந்தும் முர்முவை ஆதரித்த கட்சிகள். 5 × 176 = 880. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆறு. ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, வேப்பனஹள்ளி அ.தி.மு.க.; பர்கூர், ஓசூர் தி.மு.க.; தளி இந்திய கம்யூனிஸ்ட். ஆளுக்குப் பாதி, பக்கத்துக்கு 528. எம்.பி. இருவரும், தர்மபுரி தி.மு.க., கிருஷ்ணகிரி காங்கிரஸ், சின்கா பக்கம்: 1,400.

ஆக, கட்சி நிலைப்படி முர்முவுக்கு 1,408, சின்காவுக்கு 1,928. இது கட்சி நிலை மட்டும்தான். ரகசிய வாக்கெடுப்பு; கொறடா உத்தரவு போட முடியாது; கட்சி மாறி ஓட்டுப் போட்டாலும் பதவி பறிபோகாது. யார் எப்படிப் போட்டார் என்று அடித்துச் சொல்ல ஆள் கிடையாது. கேரளாவில் 140 பேரும் சின்கா பக்கத்துக் கட்சிக்காரர்கள். அங்கேயே முர்முவுக்கு ஒரு ஓட்டு விழுந்திருக்கிறது.

இன்னொன்று. நம் மாவட்டத்தில் மலையாளிகளும் (கேரளத்தவர் அல்ல, நம் மலைகளில் வாழும் பழங்குடியினர்) இருளரும் இத்தனை பேர் இருந்தும் பழங்குடியினருக்கு ஒதுக்கிய தொகுதி ஒன்றுகூட இல்லை. தமிழ்நாட்டில் அப்படி இருப்பதே இரண்டுதான்: ஏற்காடு, சேந்தமங்கலம். அரூரும் ஊத்தங்கரையும் ஆதிதிராவிடருக்கான தனித்தொகுதிகள். எனவே முர்முவுக்குப் போன அந்த 880-ல் மலைக்காரர் கை நேராகப் பட்ட ஓட்டு எதுவும் கிடையாது.

பென்னாகரம் ரோடு
22 ஜூலை 2022, காலை 7.10

சார், 53 ஓட்டு எப்படிச் செல்லாமப் போகும்? எல்லாரும் எம்.பி., எம்.எல்.ஏ. தானே?

கணக்கு வாத்தியார்
22 ஜூலை 2022, காலை 8.02

அந்த 53-ல் 15 பேர் எம்.பி.க்கள். இந்த ஓட்டில் முத்திரை கிடையாது, இயந்திரம் கிடையாது. எம்.பி.க்குப் பச்சைத் தாள், எம்.எல்.ஏ.வுக்கு இளஞ்சிவப்புத் தாள். தேர்தல் ஆணையம் கொடுக்கும் ஊதா மைப் பேனாவால், பிடித்தவர் பெயருக்கு எதிரே 1 என்று எண்ணாக எழுத வேண்டும். சொந்தப் பேனாவால் எழுதினால் போச்சு. 'ஒன்று' என்று எழுத்தால் எழுதினால் போச்சு. இரண்டு பேருக்கும் 1 போட்டாலும், 1 போடாமல் 2 மட்டும் போட்டாலும், கையெழுத்துப் போட்டுவிட்டாலும் செல்லாது.

செல்லாததைக் கழித்தால் மொத்த மதிப்பு 10,56,980. அதில் பாதியோடு ஒன்று சேர்த்தால் 5,28,491. ஜெயிக்க வேண்டிய கோடு அதுதான். முர்மு அதைத் தாண்டி 1,48,312 கூடுதலாகப் போயிருக்கிறார். இரண்டாம் விருப்ப ஓட்டை எண்ணி முடிவு சொன்னது 1969-ல் வி.வி.கிரிக்கு மட்டும்தான்.

கோட்டூர் மலையடி
22 ஜூலை 2022, காலை 9.30

சந்தோஷத்தைக் குறைக்கணும்னு எழுதல. ஆனா ஒண்ணு உறுத்துது. கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை முதுகுலதான் போகுது. முர்மு அம்மா ஊர்ல என்ன நிலைமை? வேட்பாளரா அறிவிச்ச பிறகுதான் உபர்பேடாவைச் சேர்ந்த டுங்குர்சாஹி குடியிருப்புக்குக் கரன்ட் கம்பம் போச்சுன்னு போன மாசம் எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு. அவங்க எம்.எல்.ஏ., மந்திரி, ஜார்க்கண்ட்ல ஆறு வருஷம் கவர்னர். அவ்வளவு பதவிக்கும் அந்த ஊருக்கு விளக்கு வரலைன்னா, இந்தப் பதவியால சித்தேரிக்கு என்ன வரும்னு கேக்குறது தப்பா?

வத்தல்மலை காப்பி
22 ஜூலை 2022, காலை 11.15

தப்பில்லை அண்ணா. ஆனால் அதே கவர்னர் வேலையில் அவர் செய்த இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். பழங்குடியினர் நிலம் கைமாறாமல் காக்கிற பழைய சட்டங்கள் ஜார்க்கண்டில் இரண்டு: சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம், சந்தால் பர்கானா குத்தகைச் சட்டம். விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற வழி விடும் திருத்தத்தை 2016-ல் அங்கே நிறைவேற்றினார்கள். நிறைவேற்றியது அவருடைய சொந்தக் கட்சி அரசு. பழங்குடி மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2017-ல் முர்மு கையெழுத்துப் போடாமல் அந்த மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார். அரசும் பின்வாங்கியது.

கம்பம் நடுவது மின்வாரியத்தின் வேலை. மசோதாவைத் திருப்புவது கவர்னரின் கையில் உள்ள வேலை. தன் கையில் இருந்ததை அவர் செய்திருக்கிறார். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

தொப்பூர் கணவாய்
22 ஜூலை 2022, மதியம் 1.50

கவர்னரும் குடியரசுத் தலைவரும் ஒண்ணு கிடையாது நண்பரே. குடியரசுத் தலைவர் அமைச்சரவை ஆலோசனைப்படிதான் நடக்கணும், அரசமைப்பு 74. ஒரு தடவை மறுபரிசீலனைக்கு அனுப்பலாம். அதே ஆலோசனை திரும்பி வந்தா ஏத்துக்கிட்டே ஆகணும். நீட் விலக்கு மசோதாவைப் பாருங்க. 2021 செப்டம்பர்ல நம்ம சட்டமன்றத்துல நிறைவேறுச்சு, கவர்னர் திருப்பி அனுப்பினார், 2022 பிப்ரவரி 8-ல மறுபடி நிறைவேத்தினாங்க, இப்போ டெல்லியில கிடக்குது. 201-ஆவது பிரிவுல இத்தனை நாளுக்குள்ள முடிவு சொல்லணும்னு காலக்கெடு எழுதல. ராஷ்டிரபதி பவன்ல ஆள் மாறினதால அந்த மசோதா அசையும்னு பென்னாகரத்துப் பிள்ளைங்க கிட்ட யாரும் ஆசை காட்டாதீங்க. பாவம்.

இன்னொண்ணும் சொல்லணும். பழங்குடி வேட்பாளர் நின்னது இதுதான் முதல் தடவைங்கிற மாதிரி பேசுறாங்க. 2012-ல பி.ஏ.சங்மா நின்னார். ஜெயலலிதாவும் நவீன் பட்நாயக்கும் முன்மொழிஞ்சாங்க. பிரணாப் 7,13,763, சங்மா 3,15,987. யார் ஜெயிக்கிறாங்கங்கிறதை எண்ணிக்கைதான் தீர்மானிக்குது, இனம் இல்ல.

மலைநாட்டுச் சட்டம்
22 ஜூலை 2022, இரவு 9.05

தொப்பூர் நண்பர் சொன்ன 74 சரி. ஆனால் அதோடு நிறுத்தினால் மலை மக்களுக்கு முக்கியமான மூன்று இடங்கள் விட்டுப்போகும். அரசமைப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் பெயரைச் சொல்லியே எழுதி வைத்திருக்கிற இடங்கள் அவை.

ஐந்தாவது அட்டவணை, 6-ஆவது பத்தி. ஒரு நிலப்பகுதியை 'அட்டவணைப் பகுதி' என்று குடியரசுத் தலைவர் ஆணையிடலாம். அப்படி ஆனால்தான் 1996-ன் பெசா சட்டம் (ஊராட்சி முறையை அட்டவணைப் பகுதிகளுக்கு விரிக்கும் சட்டம்) அங்கே செல்லும். நிலம் கையகப்படுத்துவது, சிறு வனப்பொருள், சாராயக்கடை எல்லாவற்றிலும் கிராம சபைக்குத் தனி அதிகாரம் வரும். ஒடிசா, ஜார்க்கண்ட், ஆந்திரா, தெலங்கானா என்று பத்து மாநிலங்களில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு சதுர அடிகூட இல்லை. கல்வராயன், சித்தேரி, ஜவ்வாது, கொல்லிமலை எதுவும் இல்லை. கேரளாவிலும் கர்நாடகத்திலும் இல்லை. அதே அட்டவணையின் 4-ஆவது பத்திப்படி, பழங்குடிகள் இருந்தும் அட்டவணைப் பகுதி இல்லாத மாநிலத்தில் பழங்குடியினர் ஆலோசனை மன்றம் மட்டும் வைக்கலாம். நமக்கு இருப்பது அதுதான். பெயரிலேயே இருக்கிறது, ஆலோசனை.

342-ஆவது பிரிவு. எந்தச் சமூகம் எந்த மாநிலத்தில் பழங்குடி என்று முதலில் அறிவிப்பது குடியரசுத் தலைவர். பிறகு பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றத்தால்தான் முடியும். நம் பட்டியலில் 'மலையாளி' என்பதன் பக்கத்தில் தர்மபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டம் எழுதியிருக்கிறது. கிருஷ்ணகிரி 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்ததால் தப்பித்தது. ஈரோடு அந்தப் பட்டியலில் இல்லை. அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் வாழ்கிற மலையாளிக்கு, சித்தேரியில் சொந்தக்காரர் பழங்குடியாக இருந்தாலும், எஸ்.டி. சான்று கிடைக்காது. ஒரே சனம், நடுவில் ஒரு மாவட்டக் கோடு.

மூன்றாவது 338அ, தேசியப் பழங்குடியினர் ஆணையம். அதன் தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பது குடியரசுத் தலைவர். ஆண்டறிக்கையும் அவரிடம்தான் போகும்.

இந்த மூன்றுக்கும் ஆலோசனை அமைச்சரவையிலிருந்துதான் வர வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கேட்க வேண்டியதை அந்தச் சொல்லில் கேட்டால்தான் கோப்பு நகரும். 'எங்கள் ஊருக்கு ரோடு வேண்டும்' என்று ராஷ்டிரபதி பவனுக்கு மனு போட்டால், அங்கே பதிவு எண் கொடுத்து மாநிலத் தலைமைச் செயலகத்துக்கு அனுப்புவார்கள். அது கலெக்டர் ஆபீசுக்கு வரும். கடைசியில் அதே பி.டி.ஓ. மேசைக்கு வந்து உட்காரும். மூன்று மாதம் வீண். 'ஐந்தாவது அட்டவணை 6-ஆவது பத்தியின் கீழ் சித்தேரி மலையை அறிவிக்கக் கோருகிறோம்' என்ற கிராம சபைத் தீர்மானத்தைப் பழங்குடியினர் ஆலோசனை மன்றத்துக்கு அனுப்பி, நகலை அங்கே அனுப்பினால் அது வேறு மாதிரி.

சாமைக் கொல்லை
23 ஜூலை 2022, காலை 6.45

அட்டவணைப் பகுதி வர்ற வரைக்கும் கொல்லைக்குப் பட்டா காத்திருக்கணுமா? வன உரிமைச் சட்டம் இருக்குல்ல, அதுக்கு எப்படி?

மலைநாட்டுச் சட்டம்
23 ஜூலை 2022, இரவு 8.20

காத்திருக்கத் தேவையே இல்லை. 2006 வன உரிமைச் சட்டத்துக்கு அட்டவணைப் பகுதி ஒரு நிபந்தனை அல்ல. நம் மாநிலத்தில் 2008-லேயே வழக்கால் பட்டா கொடுப்பது நின்று, 2016-ல் உச்ச நீதிமன்றத்தில்தான் தடை நீங்கியது. அதனால் பல ஊர்களில் 'அந்தச் சட்டம் இங்கே கிடையாது' என்ற பேச்சு இன்னும் சுற்றுகிறது. நம்பாதீர்கள்.

13 டிசம்பர் 2005-க்கு முன்பிருந்து அந்த நிலத்தில் உழுதுகொண்டு வருகிற பழங்குடிக் குடும்பம் கேட்கலாம். உச்சம் 4 ஹெக்டேர், ஏறக்குறைய பத்து ஏக்கர். பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் வரும். வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. பழங்குடி அல்லாதவர் என்றால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு காட்ட வேண்டும்.

முதல் வேலை வன உரிமைக் குழு. கிராம சபை கூடி 10 முதல் 15 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தனிநபர் உரிமைக்குப் படிவம் அ, மேய்ச்சல், சுடுகாட்டுப் பாதை மாதிரி ஊர்ப் பொது உரிமைக்குப் படிவம் ஆ, காட்டையே ஊர் பராமரிக்கிற உரிமைக்குப் படிவம் இ. நம் பக்கம் எல்லோரும் அ மட்டும் போடுகிறார்கள். புளி, கடுக்காய், தேன், சீமாறுப்புல் எடுக்கிற ஊர் ஆ-வையும் இ-யையும் விடவே கூடாது.

ஆதாரம் ஒன்று போதாது, ஒன்றுக்கு மேல் வேண்டும். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது, வனத்துறை போட்ட பழைய அபராதச் சீட்டு, கல் அடுக்கிய வரப்பு, பழைய கிணறு, குலசாமிக் கோயில், புதைகுழி எல்லாம் செல்லும். மனுதாரர் அல்லாத ஒரு பெரியவர் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் ஆதாரம். இதைப் பலர் அறியாமல் 'பேப்பர் இல்லை' என்று விட்டுவிடுகிறார்கள். செயற்கைக்கோள் படம் கூடுதல் ஆதாரம் மட்டும்தான். அது இல்லை என்று மனுவைத் தள்ள முடியாது.

இனி எங்கே கவிழ்கிறது என்று சொல்கிறேன். ஊராட்சிக் கிராம சபையில் தீர்மானம் போட்டு, ஐம்பது கையெழுத்தோடு அனுப்புகிறார்கள். ஊராட்சிச் சட்டத்துக்கு அந்தக் குறைவெண் (கோரம்) போதலாம். 2012-ல் திருத்திய வன உரிமை விதிக்குப் போதாது: சபை உறுப்பினரில் பாதிப் பேர், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், மனுப் போட்டவர்களில் பாதிப் பேர் இருக்க வேண்டும். சித்தேரி மாதிரி ஊராட்சியில் ஊர்கள் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஒரே இடத்தில் பாதிப் பேரைக் கூட்டுவது நடக்காத காரியம். அதனால் குடியிருப்பு வாரியாக, ஊர் ஊராகச் சபை கூட்டுங்கள். வருகைப் பதிவில் ஆண், பெண், மனுதாரர் என்று தனித்தனியாக எண்ணிக்கை எழுதுங்கள். இந்த ஒரு பக்கம் இல்லாமல் கோப்புத் திரும்பி வந்தால் ஒரு வருஷம் போய்விடும்.

அடுத்தது நில ஆய்வு. குழு போகும் தேதியை வனத்துறைக்கும் வருவாய்த் துறைக்கும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அலுவலர் வந்தால் அங்கேயே பெயர், பதவி, தேதியோடு கையெழுத்து. பிறகு கோட்டாட்சியர் தலைமையிலான கோட்டக் குழு, அதன்பின் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு. மறுத்தால் காரணம் எழுதி மனுதாரர் கையிலேயே தர வேண்டும். அன்றிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு. வாயால் 'ரிஜெக்ட்' என்று சொன்னால் அதை மறுப்பாகவே ஏற்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

கெலமங்கலம் சந்தை
24 ஜூலை 2022, காலை 10.30

கிருஷ்ணகிரி பக்கம் குருமன்ஸ் சமூகத்தோட எஸ்.டி. சான்றுப் பிரச்சினையையும் இங்கேயே சொல்லுங்க. டெல்லியில பழங்குடித் தலைவர் வந்தாச்சு, இனி சான்று ஈஸின்னு ஒரு தரகர் பேச்சு கிளம்பியிருக்கு.

மலைநாட்டுச் சட்டம்
24 ஜூலை 2022, மாலை 4.15

தரகருக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். எஸ்.டி. சான்றைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான். ஓசூர் கோட்டத்தில் சார் ஆட்சியர். விண்ணப்பம் இ-சேவையில். பட்டியலில் 'குருமன்ஸ்' தனி. 'குரும்பர்' என்பது நீலகிரி மாவட்டத்துக்கு மட்டும். அப்பாவின் பள்ளிச் சான்றில் 'குரும்பர்' அல்லது 'குரும்பக் கவுண்டர்' என்று எழுதியிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். இரத்த உறவில் யாருக்காவது கோட்டாட்சியர் கொடுத்த 'குருமன்ஸ்' சான்று இருந்தால் அதையும், உறவைக் காட்டும் வாரிசு ஆவணத்தையும் சேர்த்து வையுங்கள். இதில் குடியரசுத் தலைவர் மாறியதால் எந்த மாற்றமும் இல்லை.

வத்தல்மலை காப்பி
25 ஜூலை 2022, மதியம் 12.05

பதவியேற்பு முடிந்தது. அதிகாரம் என்ன, பத்தி என்ன என்று நீங்கள் எழுதியதெல்லாம் படித்தேன், நன்றி. ஆனாலும் மலைப்பள்ளியில் படிக்கிற ஒரு பெண் பிள்ளை இன்று அந்தப் படத்தைப் பார்த்திருக்கும். அதை 880, 1,928 என்ற கணக்கில் அடக்க முடியாது.

கோட்டூர் மலையடி
25 ஜூலை 2022, மதியம் 12.40

ஒத்துக்கிறேன் தம்பி. பார்க்கட்டும், நல்லாப் பார்க்கட்டும். அந்தப் பிள்ளை பிளஸ் டூ முடிக்க மலையிறங்கி வர்ற பஸ்ஸையும் சேர்த்துக் கேப்போம்.

மலைநாட்டுச் சட்டம்
9 ஜனவரி 2023, இரவு 9.50

பழைய இழையை மேலே கொண்டு வருகிறேன். 342 பற்றிப் பேசினோம் அல்லவா, அது நடந்து பார்த்தாயிற்று. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா டிசம்பரில் இரு அவைகளிலும் நிறைவேறி, இப்போது குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு சட்டமாகிவிட்டது. 36 ஆக இருந்த பட்டியல் 37. இனிச் சான்று கேட்பவர்கள் கோட்டாட்சியரிடம் போக வேண்டும். கையிலுள்ள பழைய எம்.பி.சி. சான்று எஸ்.டி. ஒதுக்கீட்டுக்கு உதவாது.

பர்கூர் மலை மலையாளிகள் பெயர் இந்தத் திருத்தத்தில் இல்லை.

அரூர் ஆத்தோரம்
30 செப்டம்பர் 2023, காலை 7.30

வாச்சாத்தி தீர்ப்பு நேத்து வந்துச்சு. எல்லா மேல்முறையீடும் தள்ளுபடி. 1992 ஜூன் 20-ல அரூர் பக்கம் வாச்சாத்தி மலையாளி ஊர்ல வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் பண்ணின கொடுமை; 269 பேர் மேல வழக்கு, 54 பேர் வழக்கு நடக்கும்போதே செத்துட்டாங்க, மிச்சம் 215 பேரும் குற்றவாளின்னு 2011 செப்டம்பர் 29-ல தர்மபுரி கோர்ட் சொன்னதை, சரியா 12 வருஷம் கழிச்சு அதே தேதியில உயர் நீதிமன்றம் உறுதி பண்ணியிருக்கு. பாலியல் கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்கு ஆளுக்கு 10 லட்சம் கொடுக்கணும், அதுல பாதியைக் குற்றவாளிகள்கிட்ட வசூலிக்கணும்னு உத்தரவு.

மலையாளி சனம் 31 வருஷம் அலைஞ்சு வாங்கின தீர்ப்பு இது. வாங்கினது அரூர்லயும் தர்மபுரியிலயும் சென்னையிலயும் படியேறின அந்தப் பெண்கள்.

நாளை மறுநாள் அக்டோபர் 2, கிராம சபை. ஐந்தாவது அட்டவணைத் தீர்மானத்தை யாராவது எழுதி வச்சிருந்தா இங்க போடுங்க. சித்தேரி, வத்தல்மலை, கோட்டூர் மூணுக்கும் ஒரே வாசகமா இருக்கணும்.

மலைநாட்டுச் சட்டம்
30 செப்டம்பர் 2023, காலை 8.15

இதோ: "இந்திய அரசமைப்பின் 244(1)-ஆவது பிரிவு, ஐந்தாவது அட்டவணை 6(2) பத்தியின் கீழ், இவ்வூராட்சியின் பழங்குடிக் குடியிருப்புகளை அட்டவணைப் பகுதியில் சேர்க்க மேதகு குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைக்குமாறு தமிழ்நாடு பழங்குடியினர் ஆலோசனை மன்றத்தையும் மாநில அரசையும் இச்சபை கேட்டுக்கொள்கிறது." குடியிருப்புப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள், 'முதலியன' போடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக்கும் ரேகைக்கும் நீல மை டப்பா ஒன்று கூடவே கொண்டுபோங்கள்.